பொருந்தாத ரேம், நம்பாத ஜனம்

லேப்டாப் ரிப்பேர் தொழிலில், பின்பக்க மூடியின் முதல் ஸ்க்ரூவைக் கழற்றுகிற நிமிஷமே எதிரில் நிற்கிறவர் கண்ணுக்கு நாம் திருடராகிவிடுகிறோம். அதுவரைக்கும் "மேடம்", "சிஸ்டர்" என்று பேசிக்கொண்டிருந்தவர், கவுன்டருக்கு மேலே பாதி உடம்பைக் கொண்டுவந்து எட்டிப் பார்ப்பார். மிக்ஸி ரிப்பேர், வாட்ச் ரிப்பேர், செல்போன் ரிப்பேர் செய்கிற அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, உங்களுக்கு நான் புதுசாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

என் கடை செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கூட வேலை செய்கிறவர் பாஸ்கரன் அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டி.வி. மெக்கானிக்காக இருந்து, ஜனங்கள் டி.வி.யை ரிப்பேர் பண்ணுவதை விட்டுவிட்டுப் புதுசே வாங்க ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் வந்தவர்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "ஸ்லோவா இருக்கு, ரேம் ஏத்திக் குடுங்க" என்றுதான் வருவார்கள். ரேம் என்பது லேப்டாப் வேலை செய்யும்போது பயன்படுத்துகிற மெமரி. விரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டை, அவ்வளவுதான். எந்த ஜாதி, என்ன வேகம், எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் போடணும். மூன்றில் ஒன்று தப்பினாலும் வேலை கெட்டுவிடும். பொருத்தம் பார்ப்பது சுலபம். பார்த்தேன் என்று நம்பவைப்பதில்தான் என் உயிர் போகிறது.

மீதி எங்கே?

சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து ஒருத்தர் வந்தார், ரிடையரான கணக்கு வாத்தியார். நெற்றியில் திருமண், கையில் துணிப்பை, பைக்குள் துண்டில் சுற்றிய லேப்டாப். கோயில் உற்சவப் பத்திரிகையெல்லாம் அவர்தான் டைப் அடித்துக் கொடுக்கிறாராம். நாலு ஜி.பி.யை எடுத்துவிட்டு எட்டு போட்டுக் கொடுத்தேன். வாத்தியார் அங்கேயே உட்கார்ந்து, எங்கெங்கோ அமுக்கி, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எட்டு என்று போட்டு, பக்கத்திலேயே பயன்படுத்தக்கூடியது ஏழு புள்ளி நாலு என்று இருந்தது. "மீதி புள்ளி ஆறு எங்கேம்மா?" என்றார்.

திரையில் படம் காட்டுவதற்கு இந்த லேப்டாப்பில் தனி மெமரி கிடையாது, அதனால் இதிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். "நாலு இருந்தப்பவும் எடுத்துதா?" எடுத்தது சார். "அப்ப ஏன் அது என் கண்ணுல படலை?" அப்ப நீங்க பாக்கலை சார். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். ஊரில் இன்னும் மூன்று கடையில் ஏறி விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். மூன்று பேரும் நான் சொன்னதையே, கிட்டத்தட்ட அதே வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இப்ப நம்பறீங்களா சார் என்றேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நாலு பேரும் ஒரு வார்த்தை மாறாம சொல்றேள்னா, நாலு பேரும் பேசி வெச்சுண்டிருக்கேள்னு தானேம்மா அர்த்தம்?"

டக்குனு உட்காரணும்

கூடுவாஞ்சேரியிலிருந்து ஐ.டி. கம்பெனித் தம்பி ஒருத்தர். வந்ததும் வராததுமாக என் ஸ்டேப்ளர் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஆன் பண்ணினார். போனைப் பார்த்து, "என்னோட லேப்டாப்பை நல்லா ஓடுற கண்டிஷன்ல இந்தக் கடையில குடுக்கறேன்" என்று சாட்சி சொன்னார். அப்புறம்தான் எனக்கு வணக்கம். ரேம் அவரே ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மாட்டிக் கொடுத்தால் போதும்.

கவரைப் பிரித்தேன். டி.டி.ஆர். நாலு என்கிற ஜாதி. அவர் லேப்டாப் டி.டி.ஆர். மூன்று. ரேமின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதை மாட்டுகிற ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். ஒரு ஜாதி ரேமை இன்னொரு ஜாதி ஸ்லாட்டில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். வெட்டும் மேடும் ஒன்றுக்கொன்று அரை நெல் அளவு விலகி நின்றன. தம்பி குனிந்து பார்த்தார். "லைட்டாத்தானே மேடம் விலகியிருக்கு, அழுத்திப் பாருங்க" என்றார். அழுத்தினால் ஸ்லாட் உடையும் என்றேன். "வீடியோவில ஒருத்தர் போடறாரு, டக்குனு உட்காருது" என்றார். அவர் சரியானதைப் போட்டிருப்பார் தம்பி என்றேன்.

போனை எடுத்து வெட்டு, மேடு, என் முகம் மூன்றையும் கிட்டத்தில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகவே கேட்டார்:

"உண்மையைச் சொல்லுங்க மேடம், இது லேப்டாப்புக்குப் பொருந்தலையா, இல்ல வெளிய வாங்கினதால உங்களுக்குப் பொருந்தலையா?"

ரப்பர்

கடப்பாக்கத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிற ஒருத்தர், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர், கையோடு லேப்டாப்பையும் கொண்டுவந்தார். ஆன் பண்ணினால் விளக்கு எரிகிறது, திரை இருட்டு. "மெமரி பூட்ச்சின்னு பையன் சொல்றான். நல்ல பெரிய மெமரியா பாத்துப் போட்டுக் குடு" என்றார். திறந்தேன். ரேமில் ஒரு குறையும் இல்லை. கடற்காற்று பட்டு அதன் தங்கக் கலர் பல்வரிசை கறுத்துக் களிம்பு பிடித்திருந்தது. கடலோர ஊர்களிலிருந்து வருகிற லேப்டாப்பில் இது சகஜம். புதுசு தேவையே இல்லை. டிராயரிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்துப் பல்வரிசையை நாலு இழுப்பு இழுத்து, தூசியை ஊதி, திரும்ப மாட்டினேன். திரை பளிச்சென்று வந்துவிட்டது. புது ரேம் விற்கிற லாபத்தை விட்டுக் கொடுத்தோமே, பெருமையாக நாலு வார்த்தை வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இன்னாமா, ரப்பர் போட்டு அழிச்சிட்ட! உள்ள என் பொண்ணு கல்யாண போட்டோ மொத்தமும் கீதேம்மா!" என்றார். போட்டோ இருக்கிற இடம் வேறே, இது வேறே என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் கல்யாண போல்டரையே திறந்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பந்தக்கால் முதல் மறுவீடு வரைக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முக்கால் மணி நேரம். நடுவில் பாஸ்கரன் அண்ணன் அவருக்கு ஸ்டூல் போட்டார். எல்லாப் படமும் இருந்தது. ஆனால் தாலி கட்டுகிற படத்தில் வந்து நின்றுவிட்டார். கண்ணைச் சுருக்கி, திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"எல்லாம் கீது, சரி. மாப்ள மூஞ்சி மட்டும் கொஞ்சம் வெளுத்தா மாரி கீதே, ரப்பரு அங்க பட்டுச்சா?"

உரித்தது யார்?

அவர்கள் மட்டும்தான் சந்தேகப் பிராணிகள், நான் பால் வடியும் முகம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை மொத்த வியாபாரி ஒருத்தர் ரயிலில் பெட்டியோடு வருவார். அவர் பெட்டியைத் திறந்ததும் நான் பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு ரேமையும் வெளிச்சத்தில் சாய்த்து, லேபிள் ஓரம், எழுத்து அச்சு, பல்வரிசையில் கீறல் எல்லாம் பார்ப்பேன். பல்லில் கோடு விழுந்திருந்தால் ஏற்கெனவே ஒரு லேப்டாப்பில் குடித்தனம் நடத்திவிட்டு வந்தது என்று அர்த்தம்.

ஒருநாள் ஒரு லேபிளின் மூலை கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. நகத்தால் நெம்பினேன். மேல் லேபிளில் வேகம் மூவாயிரத்து இருநூறு. அது உரிந்து வந்ததும் அடியில் இன்னொரு லேபிள், இரண்டாயிரத்து நானூறு. பழைய சரக்குக்குப் புதுச் சட்டை. இரண்டு லேபிளையும் அவர் பக்கம் தள்ளினேன். அவர் அசரவே இல்லை. பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்:

"ஒட்டினது யாருன்னு எனக்குத் தெரியாது மேடம், ஆனா உரிச்சது நீங்க, உரிச்ச சரக்கை நான் திருப்பி எடுக்க மாட்டேன்."

விற்காத கடை

மறைமலை நகரிலிருந்து ஒருத்தர், காகிதம் மாதிரி மெல்லிசான லேப்டாப்பைக் கொண்டுவந்தார். எட்டு இருக்கிறது, முப்பத்திரண்டாக ஆக்கணும் என்றார். அந்த மாடலில் ஸ்லாட்டே கிடையாது. ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிட்டார்கள். வாங்கும்போது இருந்ததுதான் கடைசி வரைக்கும். மூடியைக் கழற்றிக் காட்டி, இது முடியாது சார், இதுக்கு மேல வேணும்னா வேற லேப்டாப்தான் என்றேன். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை.

அங்கேதான் தப்புப் பண்ணினேன் போலிருக்கிறது. இலவசமாக உண்மை சொல்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"புது லேப்டாப் விக்கிற கடையில உங்களுக்கு எவ்ளோ கமிஷன் மேடம்?"

நம்பர் மாறியிருந்தது

இதுவரை சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து மாலதி என்று ஒரு அம்மா. ஊர் விருதுநகர்ப் பக்கம், வீட்டுக்காரர் வேலைக்காக இங்கே வந்தவர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறார். அவர் லேப்டாப்பில் எட்டு ஜி.பி. ஒன்று இருந்தது, பக்கத்து ஸ்லாட் காலி. இன்னொரு எட்டு சேர்க்கணும். இருப்பதைக் கழற்றி, லேபிளைப் படித்து, அதே கம்பெனி, அதே வேகத்தில் ஜோடி தேடிப் போடுவதுதான் ஒழுங்கு. நான் கழற்றியதும் மாலதி போனை எடுத்து அந்த லேபிளை ஒரு படம் எடுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் எடுத்துக்கச் சொன்னார்" என்றார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஜோடி ரேம் வர இரண்டு நாள் ஆகும் என்று லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். வகுப்பு நடக்கும்போதே லேப்டாப் நின்று போகிறதாம். மூன்று நாளாகப் பாதி வகுப்பில் காணாமல் போகிறார், பெற்றோர்கள் போன் பண்ணிக் கேட்கிறார்கள், பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டது. நான் மூடியைக் கழற்றினேன். மாலதி போனில் அந்தப் படத்தைத் திறந்து ரேமுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் போட்ட புது ரேம் சரியாக இருந்தது. பழையதுதான் இல்லை. அது இருந்த ஸ்லாட்டில் வேறே கம்பெனி, வேறே வேகம், வேறே நம்பர் கொண்ட ரேம் ஒன்று இருந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டைச் சேர்த்துப் போட்டால் சில லேப்டாப் சகித்துக்கொள்ளும், சிலது முரண்டு பிடிக்கும். இவருடையது முரண்டு பிடித்திருக்கிறது. எங்கள் வேலையில் பாதி அந்தக் குவார்ட்டர்ஸ் பெண்கள் வாட்ஸப் குரூப்பில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் வருகிறது. ஒரு வரி போட்டால் கடை காலி. இரண்டு நாள் டயம் கொடுங்கள் என்று கேட்டு, தற்காலிகமாக வேறே ஜோடி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எழுந்தவர் சொன்னார்:

"அன்னிக்கு நான் போட்டோ எடுத்தப்ப உங்க முகம் சுருங்குச்சு பாருங்க மேடம், அப்பவே எனக்குத் தோணுச்சு."

பாஸ்கரன் அண்ணன் பை

மாலதி போனதும் நான் யோசித்தது ஒரே ஒரு கேள்வி. கடையில் இரண்டே பேர். நான் எடுக்கவில்லை. அப்படியானால்?

போன மாசம் பாஸ்கரன் அண்ணன், "எங்க பொண்ணு லேப்டாப்பு ஆமை மாரி நவுருது, ஒரு எட்டு ஜி.பி. எதுனா பழசு வந்தா சொல்லுமா" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நானும் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை போலிருக்கிறது என்று மனசு சொன்னது. அன்றைக்கு மதியம் அவர் வெளியே போயிருந்த நேரம், பெஞ்சுக்கு அடியில் அவர் ரெக்ஸின் பை இருந்தது. நான் இந்தக் கடை வைப்பதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் போர்டு சோதிக்கும் லைனில் ஆறு வருஷம் நின்றவள். தினமும் ஷிப்ட் முடிந்து கேட்டில் பையைத் திறந்து காட்டணும். செக்யூரிட்டி டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்க்கிறபோது உடம்பு கூசும். ஒருநாளாவது வேண்டாமென்று சொல்லிவிட மாட்டார்களா என்றிருக்கும். அந்தக் கூச்சமெல்லாம் தெரிந்த அதே கைதான் அவர் பையின் ஜிப்பை இழுத்தது.

டிபன் பாக்ஸ். குடை. பிரஷர் மாத்திரை அட்டை. பெண்ணின் காலேஜ் அட்மிஷன் பாரம், மடங்காமல் இருக்க அட்டைக்கு நடுவில் வைத்தது. ரேம் இல்லை. நிமிர்ந்தால் வாசலில் பாஸ்கரன் அண்ணன் நிற்கிறார். இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸ், ஒன்று எனக்கு வாங்கி வந்தது. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கத்துவார் என்று நினைத்தேன். உள்ளே வந்து, என் பக்கம் ஒரு கிளாஸை வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"சைடுல ஒரு ஜிப்பு கீதும்மா, அத்தயும் பாத்துரு, இல்லாங்காட்டி அத்தயே நெனச்சிகினு கெடப்ப."

தேடிப் போன கதை

நான் அந்த சைடு ஜிப்பைத் திறக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். திறந்தேன். ஒரு சீப்பும் ரயில் சீசன் டிக்கெட்டும் இருந்தன. மூடிவிட்டு உட்கார்ந்தேன். டீயைத் தொட முடியவில்லை. அவர்தான் டீயைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா லேப்டாப்பு வந்த அன்னிக்கு பெஞ்சில வேற இன்னா வேல கெடந்துது, நோட்டை எடு" என்றார். வேலை நோட்டைப் புரட்டினோம். மாலதி லேப்டாப் வந்த அதே நாளில், அதே மாடல் இன்னொன்று. மாமல்லபுரத்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற தனசேகர் கொடுத்தது. கீபோர்டு மாற்ற வந்தது. கீபோர்டு மாற்ற அடிவரைக்கும் பிரிக்கணும், ரேமும் வெளியே வரும். இரண்டும் என் கையெழுத்தில். இரண்டு லேப்டாப்பையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டவள் நான். இரண்டு பச்சை அட்டையையும் ஒரே தட்டில் வைத்தவளும் நான். பாஸ்கரன் அண்ணன் அந்த இரண்டையும் தொடவே இல்லை.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். தனசேகர் வரவேற்பு மேஜையில் அந்த லேப்டாப்பில்தான் ரூம் புக்கிங் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாக ஓடுகிறது. நான் நடந்ததைச் சொல்லி, உங்க ரேம் என்கிட்ட இருக்கு, இதுல இருக்கறது வேறொருத்தரோடது, மாத்திக் குடுத்துடறேன் என்றேன். அவர் லேப்டாப்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் சிற்பப் பட்டறை வைத்திருக்கிற நண்பரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவர் கல் தூசியோடு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது மாலதி போட்டோவில் இருந்த நம்பர். இரண்டு தடவை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

உண்மையில் தனசேகருடையதுதான் வேகமான ரேம். அதைத்தான் அவருக்குத் திரும்பக் கொடுத்தேன். அவருக்கு லாபம். சொல்லியும் பார்த்தேன். தனசேகரும் நண்பரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டுகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு தனசேகர் கேட்டார்:

"கூப்புடாமலே இவ்ளோ தூரம் வந்து மாத்திக்கினு போறீங்கோ, அப்ப என்கிட்ட இருந்ததுதானே ஒஸ்தி சரக்கு?"

படம் இரண்டு

சாயங்காலம் மாலதி வந்தார். அவர் ரேமை அதன் ஜோடியோடு சேர்த்துப் போட்டு, இரண்டு மணி நேரம் சோதனை ஓட்டி வைத்திருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாஸ்கரன் அண்ணன் பெஞ்சில் வேறே வேலையாக இருந்தார். அவர் காதில் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னேன். "மாத்திப் போட்டது நான்தான் மேடம். அவர் இல்ல, வேற யாரும் இல்ல. ரெண்டு லேப்டாப்பை ஒண்ணா பிரிச்சேன், கலந்துடுச்சு. உங்க வகுப்பு மூணு நாள் கெட்டது என்னாலதான்." பாஸ்கரன் அண்ணன் நிமிரவில்லை. சால்டரிங் புகை மட்டும் கொஞ்ச நேரம் நேராகப் போனது.

மாலதி கோபப்படவில்லை. "ஒத்துக்கிட்டீங்க, பரவால்ல" என்றார். குரூப்பில் போட மாட்டேன் என்றும் சொன்னார். பிறகு மூடியை மூடவிடாமல் கையை நீட்டித் தடுத்தார். பழைய படத்தைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக ரேமோடு ஒப்பிட்டுப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"சரியா இருக்கு மேடம், இப்ப இருக்கறதையும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

கோபமா அண்ணா?

பாஸ்கரன் அண்ணன் வேலையை விட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. சண்டையும் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பையைக் கடைக்குள் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். ஜெராக்ஸ் கடையில் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மன்னிச்சிடுங்க அண்ணா என்று இரண்டு தடவை சொன்னேன். "வுடுமா, வுடுமா" என்றார். வுடுமா என்று சொல்கிறவர்கள் யாரும் விட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பெண்ணின் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி, அதற்குப் பொருத்தமாக ஒரு எட்டு ஜி.பி. தேடி நானே போட்டுக் கொடுத்தேன். அவர் அதற்கு உண்டானதைக் கணக்காகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாமென்றால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போக மாட்டேன் என்றார். பிடித்துக்கொண்டேன்.

ஒரு மாசம் கழித்து மழைக்காலம் ஆரம்பித்தது. ஒருநாள் ஜெராக்ஸ் கடையில் தண்ணீர் இறங்குகிறது என்று பையை உள்ளே கொண்டுவந்து, பழைய இடத்தில், பெஞ்சுக்கு அடியில் வைத்தார். எனக்குத் தைரியம் வந்தது. "அண்ணா, இன்னும் என் மேல கோவமா?" என்று கேட்டேன். அவர் அப்போது நான் ரேம் மாற்றி, மூடாமல் வைத்திருந்த ஒரு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேபிளை வேலை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்து, மூடியை வைத்து, முதல் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுச் சொன்னார்:

"கோவம்லாம் ஒண்ணும் இல்லமா, நீ போட்ட ரேமை நான் ஒருவாட்டி பாக்காம மூட்றதில்ல, அவ்ளோதான்."

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: தப்பான ரேமைப் போட்டால் லேப்டாப் 'பீப் பீப்' என்று கத்தியோ பாதியில் நின்றோ சொல்லிவிடுகிறது, தப்பான ஆளைச் சந்தேகப்பட்டால்தான் எந்தச் சத்தமும் வருவதில்லை.